தங்கச்சி எடுத்த கடையின் முகப்பு

எனக்கு என் தங்கச்சி மேல் பொறாமை. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் பாரிஸிலிருந்து லண்டனுக்குக் குடிவந்த நாளில் தொடங்கியது என்று நினைத்துக்கொள்வேன். அதற்கும் முன்னால் தொடங்கியதுதான். ஆனால் வயிறு எரிந்து சோறு இறங்காத அளவுக்கு அது வந்தது, எங்கள் பெரிய கடைத்தெருவான ஹைஸ்ட்ரீட்டில் இருக்கிற அந்தக் கடையை அவள் எடுத்தபோது.

அந்தக் கடையில் நான் பத்தொன்பது வருடம் வேலை செய்தேன். பிரிட்டனில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கிளை வைத்திருந்த கம்பனி அது. பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பு, கட்டில் விரிப்பு, சட்டி பானை, டிசம்பரில் நத்தார் காலத்தில் நிறுத்து விற்கிற இனிப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். இப்போது அந்தக் கம்பனி இல்லை, பெயரைச் சொல்லி ஆகப் போவதும் ஒன்றுமில்லை. எல்லாக் கிளைக்கும் ஒரே நிறத்தில் ஒரே எழுத்து, ஒரே அளவுத் தட்டு. காலுறை எந்தப் பக்கம், துவாய் எந்தப் பக்கம் என்பதைத் தலைமை அலுவலகம்தான் தீர்மானிக்கும். ஒவ்வொரு வாரமும் ஒரு படம் அனுப்புவார்கள். முகப்புக் கண்ணாடிக்குள் எந்தப் பொம்மை எங்கே நிற்க வேண்டும், எந்தச் சட்டையின் கை எவ்வளவு மடிந்திருக்க வேண்டும் என்று அந்தப் படத்தில் கோடு கோடாகப் போட்டிருக்கும். அதைப் பார்த்து அப்படியே வைப்பதுதான் வேலை. சொந்தப் புத்தியைப் பாவித்தால் ஏச்சு விழும்.

எங்கள் கிளையில் மட்டும் அந்தப் படம் பொருந்தாது. மற்றக் கிளைகளில் நடைபாதையோடு ஒட்டி நேரான கண்ணாடி. எங்கள் கட்டடத்தை எங்கள் கம்பனி கட்டவில்லை. அதற்கு முன்னால் அது ஒரு சப்பாத்துக் கம்பனியின் கடை. இரண்டாம் உலக யுத்தத்துக்கும் முன்னால் கட்டியது. நடைபாதையிலிருந்து இரண்டு பக்கமும் கண்ணாடி வளைந்து வளைந்து உள்ளே போகும். ஒரு சின்ன முற்றம் அளவு இடம். அதன் கடைசியில்தான் கதவு. கண்ணாடி இரண்டு இடத்தில் உண்மையாகவே வளைந்தது, துண்டுகளை ஒட்டி வளைத்தது அல்ல. சட்டமெல்லாம் கறுத்த வெண்கலம். நிலத்தில் சின்னச் சின்னக் கற்களைப் பதித்து, நடுவில் அந்தச் சப்பாத்துக் கம்பனியின் முதலெழுத்தைப் போட்டிருந்தார்கள். அந்தக் கம்பனி போய் எத்தனையோ காலம், எழுத்து மட்டும் எங்கள் காலடியில் கிடந்தது.

எங்கள் பழைய மனேஜர், இங்கிலீஷ்காரர், ஓய்வு பெறுகிற வயதில் இருந்தவர், எனக்கு இதை விளக்கினார். அந்தக் காலத்தில் கம்பனிகளுக்குள் போட்டியாம். தெருவில் எல்லோருக்கும் கிடைப்பது ஒரே அகலம். அதற்குள் யார் கூடுதலான கண்ணாடி போடுவது என்பதுதான் போட்டி. நேராகப் போட்டால் இருபது அடி. உள்ளே வளைத்துக்கொண்டு போனால் அறுபது அடி. மழைக்கு ஒதுங்குகிற சனம் உள்ளே வந்து நிற்கும், சும்மா நிற்க ஏலாமல் இரண்டு பக்கமும் பார்க்கும், பார்த்துக்கொண்டே நகர்ந்தால் கடைசியில் கதவு. யாரும் அவர்களைக் கூப்பிட வேண்டியதில்லை. இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அந்த முகப்பின் மேல் ஒரு பைத்தியம்.

தலைமை அலுவலகத்துக்கு அது கண்ணில் விழுந்த தூசி. எல்லாக் கிளையும் ஒரே மாதிரி இருக்க, இது மட்டும் ஏன் இப்படி என்று, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நேர்க் கண்ணாடியும் தானாகத் திறக்கிற கதவும் போட நகரசபையான கவுன்சிலிடம் அனுமதி கேட்டார்கள். கவுன்சில் மறுத்துவிட்டது. இது பாதுகாக்கப்பட்ட முகப்பு, ஒரு கண்ணாடியையோ ஒரு கல்லையோ தொடுவதென்றாலும் தங்களிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று கடிதம் வந்தது. மனேஜர் அதைத் தேநீர் அறைச் சுவரில் ஒட்டிவைத்தார். வருடக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் சான்ட்விச் தின்றேன். பாடமாக்கியே விட்டேன்.

படம் பொருந்தாததால் முகப்பைச் செய்ய வந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு நாள் மனேஜர் என்னிடம், நீ செய்து பார் என்றார். நான் துவாய் மடிக்கிற ஆள், அதுவரை முகப்பைத் தொட்டதில்லை. ஆனால் செய்தேன். படத்தைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, வெளியே போய், மழைக்கு ஒதுங்குகிற ஆள் மாதிரி நின்று பார்த்தேன். முதலில் என்ன தெரிகிறது, ஒரு அடி வைத்தால் என்ன தெரிகிறது, வளைவில் திரும்பினால் என்ன தெரிகிறது என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து ஒருத்தி வந்து படம் பிடித்துக்கொண்டு போனாள். சும்மா சொல்லக் கூடாது, அந்தத் தெருவில் அந்த மாதிரி ஒரு முகப்பு வேறு எவரிடமும் இருக்கவில்லை. வீட்டில் நான் என்ன சமைத்தாலும் ஒரு குறை சொல்கிற என் மனுஷன்கூட ஒரு நாள் தான் ஓட்டிவந்த பஸ்ஸை அதன் முன்னால் கொஞ்சம் மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனாராம்.

பிறகு கம்பனி விழுந்தது. தெருவில் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்த காலம் அது. வங்கி போனது, புத்தகக் கடை போனது, கடைசியில் நாங்கள். வளைந்த கண்ணாடி முழுக்க ‘எல்லாம் விற்கப்படும்’ என்று பெரிய மஞ்சள் தாள் ஒட்டச் சொன்னார்கள். என் கையாலேயே ஒட்டினேன். கடைசி நாள் தட்டுகளைக்கூட விலைபேசித் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் தாளையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழுவினேன். பூட்டப்போகிற கடைக்கு எதற்கு என்று கேட்டார்கள். எனக்கு அது அழுக்காக இருக்க ஏலாது, அவ்வளவுதான்.

கடை வெறுமையாகக் கிடந்த காலத்தில் மனுஷனிடம் சொல்லிப் பார்த்தேன். நாங்கள் எடுப்போம், சேலைக் கடை போடுவோம், முகப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

“உனக்கென்ன விசரோ?” என்றார். “பஸ் ஓடுறவனுக்கு ஹைஸ்ட்ரீட்டில கடையோ? சும்மா படு.”

படுத்தேன். ஆனால் ஒரு கொப்பி வாங்கி அதில் வரைந்துகொண்டே இருந்தேன். இடது வளைவில் ஒரே ஒரு கலியாணக் கூறைச் சேலையை முழு நீளத்துக்கு விரிப்பது, நடுவில் பிள்ளைகளின் பட்டுப் பாவாடை, கதவுக்குக் கிட்ட விலை குறைந்த சேலை. வெறும் கனவுதான். இருந்தாலும் என்னுடைய கனவு.

தங்கச்சி குடும்பம் வந்து கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு வாங்கியிருந்தது. வந்த வருடமே வாங்கினார்கள், நாங்கள் இன்னும் வாடகைக்கு இருக்கிறோம். பாரிஸில் அவர்களுக்குச் சேலைக் கடை இருந்தது. அவள் எதைத் தொட்டாலும் துலங்கும். நான் எட்டு மாதம் படித்து இரண்டு தடவை தவறிய கார் சோதனையை அவள் முதல் தடவையே பாஸ் பண்ணினாள், அதுவும் இங்கிலீஷ் தெரியாமல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில் சாப்பிடும்போது, வாய் சும்மா இருக்காமல், அந்தக் கடையைப் பற்றி அளந்தேன். வளைந்த கண்ணாடி, மழை, சப்பாத்துக் கம்பனி எல்லாம். என் பெருமையைக் காட்டத்தான் சொன்னேன். அவள் கோழிக்காலைக் கடித்துக்கொண்டு, “அப்பிடியோ அக்கா, அப்பிடியோ” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் கழித்து லட்டுப் பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள்.

“அக்கா, உன்ர கடையை நாங்கள் எடுத்திட்டம்!”

உன்ர கடை என்றாள். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவளுடைய சந்தோஷப் புளுகத்துக்கு நான் சிரித்தேன், லட்டையும் தின்றேன். அவள் போன பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, துவாயை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதேன். ஐம்பத்தாறு வயதுப் பொம்பிளை செய்கிற வேலையா இது? ஆனால் செய்தேன்.

அழுது முடித்ததும் ஒரு நம்பிக்கை வந்தது. முகப்பை எனக்குத் தருவாள். வேறு யாருக்கு அந்தக் கண்ணாடி தெரியும்? இனிக் கேட்பாள், இந்தக் கிழமை கேட்பாள் என்று இருந்தேன். ஒவ்வொரு தடவை போன் அடித்தபோதும் கொப்பியைக் கிட்ட எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவள் கேட்டது வேறு.

“அக்கா, நீ டில்லில வந்து நில்லன். காசுப் பக்கம் நம்பிக்கையான ஆள் வேணும்.”

“விண்டோ ஆர் செய்யிறது?” என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

“அதுக்குப் பாரிஸில இருந்து ஒரு டிசைனர் வாறான். படிச்சவன். உனக்கேன் அந்தக் கரைச்சல்? ஏணியில ஏறி இடுப்பை முறிக்கப் போறியோ?”

என் இடுப்பில் அவளுக்கு அவ்வளவு அக்கறை. டில்லுக்கு வர ஏலாது, முழங்கால் நோகுது என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்றைக்கு இரவு மனுஷனுக்கு வைத்த குழம்பில் உப்புப் போட மறந்துபோனேன், அவர் கேட்டதற்கும் எரிந்து விழுந்தேன்.

அடுத்த வாரம் கடையைப் பார்க்க வரச் சொல்லிக் கூப்பிட்டாள். போகாமல் இருக்க மனம் விடவில்லை. போனால், அவள் போனைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு முகப்பைச் சுற்றி நடக்கிறாள். மறுபக்கம் வீடியோவில் ஊரிலிருந்து ஒரு சாத்திரியார். திசை பார்க்கிறாராம். எங்கள் ஆட்கள் கோடி போட்டுக் கடை எடுப்பார்கள், கையெழுத்துப் போட்ட பிறகு சாத்திரியாரைக் கூப்பிடுவார்கள்.

“வாசல் உள்ளுக்குப் போய் ஒளிஞ்சு நிக்குது பிள்ளை,” என்றார் சாத்திரியார். “லட்சுமி முகப்பு வரைக்கும் வந்திட்டுத் திரும்பிப் போயிடுவா. கதவை முன்னுக்குக் கொண்டு வாங்கோ. ரோட்டைத் தொட்டுக்கொண்டு, வடகிழக்கு மூலையில வைக்கோணும்.”

மனேஜர் சொன்ன கணக்கு என் தொண்டை வரை வந்தது. சனத்தை உள்ளே இழுக்கத்தானே அதை அப்படி வளைத்தார்கள்! அந்தப் பாரிஸ் டிசைனர் ஏற்கெனவே அளவு நாடாவை விரித்துக்கொண்டு நின்றான். என் வளைந்த கண்ணாடியில் நாடாவை ஒட்டவைத்து, ஏதோ பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தான். அவளும் பிரெஞ்சில் சிரித்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, அப்போதுதான் கேட்டாள்.

“அக்கா, இதை உடைச்சு நேராக்கினால் கவுன்சில்காரர் ஏதும் சொல்லுவினமோ? நீ இஞ்ச எவ்வளவு காலம் நிண்டனி, உனக்குத் தெரியுமெல்லோ.”

நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். தேநீர் அறைச் சுவரில் இருந்த கடிதம் வரி வரியாக என் மனதில் ஓடியது. ஒரு சொல் போதும். சொன்னால் உடைக்க மாட்டாள், அவளுக்கும் நல்லது, கண்ணாடிக்கும் நல்லது.

“எனக்கென்னடி தெரியும்? நான் துவாய் மடிச்சவள்தானே,” என்றேன். “உன்ர கடை, உன்ர விருப்பம்.”

“அப்ப சரி,” என்றாள். அவ்வளவுதான். என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

என்ன நினைத்துச் சொன்னேன் என்று இன்றைக்கு மழுப்பலாம். மழுப்பவில்லை. அவள் உடைக்கட்டும், கவுன்சில் வரட்டும், ஊருக்கு முன்னால் அவள் முகம் ஒரு தடவை தொங்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஒரு மூலையை உடைத்த உடனே யாராவது வந்து நிறுத்திவிடுவார்கள், கண்ணாடி தப்பிவிடும், அவள் மாட்டுவாள் என்று ஒரு கணக்கு. எங்கள் வீட்டு உடைந்த குப்பைத் தொட்டியை மாற்ற மூன்று மாதம் எடுத்த கவுன்சில், இதற்கு மட்டும் அன்றைக்கே ஓடி வரும் என்று நான் எப்படி நம்பினேனோ தெரியாது! வேலை தொடங்க மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் போன் என் கைப்பையில்தான் இருந்தது.

நாலாம் நாள் பஸ் ஏறிப் போய், கடைக்கு எதிரே இருக்கிற பஸ் தரிப்பில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு பேர் கண்ணாடியில் உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் பிடியை ஒட்டி முதல் வளைவைக் கழற்றினார்கள். வெண்கலச் சட்டம் முறுகிக்கொண்டு வந்தது. பொய் சொல்லக் கூடாது, அப்போது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருந்தது. செய்யடி, நல்லாய்ச் செய் என்று மனதுக்குள் சொன்னேன். பிறகு அந்தக் கண்ணாடியை அவர்கள் தூக்கிவந்து நடைபாதையில் நின்ற குப்பைக் கொள்கலத்துக்குள் போட்டார்கள். வைக்கவில்லை, போட்டார்கள். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்ற ஒரு குழந்தை அழத் தொடங்கியது. இரண்டாவது வளைவை நான் பார்க்கவில்லை. எழும்பி, எந்தப் பஸ் என்றும் பார்க்காமல் ஏறினேன். அது ரொம்ஃபோர்ட் போகிற பஸ், எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

கடை திறந்தார்கள். ஐயர் வந்தார், பால் பொங்கியது, சாத்திரியார் சொன்ன மூலையில் சாத்திரியார் சொன்ன கதவு. நேரான கண்ணாடிக்குள் பத்துப் பொம்மைகளும் வரிசையாக ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன. அட கோதாரி, தலைமை அலுவலகத்தின் படம்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும். ஆனால் சனம் வந்தது. லண்டனின் மறுகோடியிலிருந்து, ஹரோவிலிருந்து, மோர்டனிலிருந்து எல்லாம் வந்து குவிந்தார்கள். எல்லோரும் என் தங்கச்சியின் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். அவள் என்னை இழுத்து இழுத்து, “இவதான் என்ர அக்கா, இவ சொல்லித்தான் இந்தக் கடையே எடுத்தனாங்கள்” என்று ஒவ்வொருவருக்கும் அறிமுகப்படுத்தினாள். அதற்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கவுன்சில் ஐந்து வாரம் கழித்து வந்தது. நான் காட்டிக் கொடுக்கவில்லை, யாரோ அந்தத் தெருக்காரர் எழுதிப் போட்டிருக்கிறார்கள். தங்கச்சி போனில் அழுதாள்.

“அக்கா, ஓடி வா. கவுன்சிலால ஒருத்தி வந்து இங்கிலீஷில ஏதோ சொல்லுறா, எனக்கு ஒண்டும் விளங்கேல்ல.”

போனேன். அதிகாரி ஒரு இளம் பெண், முகத்தில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. கையில் ஒரு பழைய படம் வைத்திருந்தாள். கவுன்சிலின் பதிவுக்கு எடுத்ததாம். அதில் வளைந்த கண்ணாடிக்குள் குளிர்காலக் கோட்டுகளும் ஒரு சிவப்புத் தொப்பியும் இருந்தன. அந்தத் தொப்பியை அந்த இடத்தில் வைக்க நான் எத்தனை தடவை வெளியே போய் நின்று பார்த்தேன் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. இதைப் பழையபடி செய்து தர வேண்டும், இந்தக் கண்ணாடியை வளைத்துக் கொடுக்க இன்றைக்கு ஆள் கிடைப்பதே பாடு, இது வழக்குக்கும் போகலாம் என்றாள். கடை எடுத்த காகிதங்களில் இது எழுதியிருக்குமே என்றாள். அந்தக் காகிதக் கட்டைத் தங்கச்சி பிரித்தே பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக நான் தமிழில் சொல்லச் சொல்ல, தங்கச்சியின் கை என் கையைப் பிடித்து இறுக்கிக்கொண்டே வந்தது. நான் காண ஆசைப்பட்ட முகம் அப்படியே என் பக்கத்தில் இருந்தது. பார்க்க ஏலவில்லை.

“தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று நான் எழுத வேண்டும்,” என்றாள் அதிகாரி இங்கிலீஷில். அதைத் தமிழில் சொன்னேன்.

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “அக்காவைக் கேட்டுத்தான் செய்தனான் எண்டு சொல்லு. என்ர அக்கா இஞ்ச பத்தொன்பது வருசம் வேலை செய்தவ. அப்பிடி ஒரு சட்டம் இருந்திருந்தால் எனக்குச் சொல்லாமல் விட்டிருக்க மாட்டா. அதை அப்பிடியே சொல்லு.”

அதை அப்படியே சொன்னேன். ஒவ்வொரு சொல்லாக இங்கிலீஷில் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டு வந்து, அந்த அக்கா யார் என்று கேட்டாள்.

“நான்தான்,” என்றேன்.

பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். அந்த நேரம் தங்கச்சியின் போன் அடித்தது. பாரிஸிலிருந்து அந்த டிசைனர். அவள் எழும்பிப் பொம்மைகளின் பக்கம் போய் நின்று பிரெஞ்சில் கத்தத் தொடங்கினாள்.

“தெரியும்,” என்றேன் அதிகாரியிடம். “அவள் என்னைக் கேட்டாள். நான் வேண்டுமென்றுதான் சொல்லவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. அப்படியே எழுதுங்கள்.”

அவள் எழுதினாள். தங்கச்சி போனை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்னவாம் அக்கா? உன்னை என்ன கேட்டவ?”

“எனக்குத் தெரியுமோ எண்டு கேட்டவ. தெரியாது எண்டு சொன்னனான்.”

“அதானே,” என்றாள் தங்கச்சி, என் முதுகைத் தடவிக்கொண்டு. “பாவம், உன்னையும் இதுக்குள்ள இழுத்திட்டன்.”

அதிகாரி கொப்பியை மூடினாள். இன்றைக்குச் சொன்னதெல்லாம் கடிதமாகக் கடை விலாசத்துக்கு வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள். கடிதம் இன்னும் வரவில்லை. வந்தால் வாசித்துச் சொல்லத் தங்கச்சி என்னைத்தான் கூப்பிடுவாள்.